நீலச்சுடர் வாளும் மாமனார் பாவும்

‘சும்மா இருப்பதே சுகம்’ என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு என் கையைப் பற்றித் தெரியாது. இருபத்திரண்டு வயதில் என் கை ஒரு நிமிடம் மடியில் தங்காது. எதையாவது எடுக்கும், திருகும், உடைக்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வைத்து, அந்தக் கையால் என் கல்யாணத்தையே வெட்டப் பார்த்தேன்.

அப்போது நான் ஒரு பள்ளியில் டீச்சர். ஆண்டு விழா நாடகம் எழுதும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன். வாடகை நூலகத்து மந்திரக் கதைகளை விழுந்து விழுந்து படித்த காலம் (அடுப்பில் சோறு தீய்ந்தது எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்). ஆகவே என் நாடக இளவரசியின் கையில் நீலச்சுடர் வாள். எதிரி வந்தால் அது தானே மின்னும், தானே உறையிலிருந்து பாயும், ஒரே வீச்சில் நூறு தலை உருளும். இளவரசிக்கு அந்த வாளின் பின்னால் ஓடுவது ஒன்றுதான் வேலை.

இதைக் கேட்டுச் சிரித்தவர் மெர்சி டீச்சர். பாளையங்கோட்டைக்காரர், எங்கள் விளையாட்டு ஆசிரியை. உடற்பயிற்சிக் கல்லூரியில் கத்திச்சண்டை பழகியவர்.

“டீச்சர், தலைக்கு மேல தூக்கி வீசுத வாளு கதைக்குத்தான் ஆவும். நீங்க கையத் தூக்குத நேரத்துல எதிராளி மூணு தடவ குத்திட்டுப் போயிருவான்.”

“அது மந்திர வாளு டீச்சர்!”

“மந்திரம் வாளுல இல்ல, காலுல இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. “சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க, பாத்துருவோம்” என்று சவால் விட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு நாள் கழித்து எனக்குப் பூ வைக்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை முருகேசன், மேலத்தெருவில் தறி போட்டிருந்த சண்முகம் அண்ணாச்சியின் மகன். நூலகத்தில் நான் கேட்கும் புத்தகத்தை எல்லாம் எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போகிறவர் அவர்தான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரே கோபம். அதைவிட அதிகமாக ஆசை. அம்மா தினமும் சொல்வாள்: “ஏட்டி, வெள்ளிக்கிழமை வரைக்குமாவது கையக் கால வச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

சனிக்கிழமை விடிந்தால், தெரு நெடுகப் பாவு. நெய்வதற்கு முன் நூலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறைப்பாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அவர்கள் தெரு வளைவு என்பதால் அன்று எங்கள் தெருவில் நீட்டியிருந்தது சண்முகம் அண்ணாச்சி பாவு. அவர் குச்சம் என்கிற நீளத் தூரிகையால் கஞ்சி நீவிக்கொண்டிருக்க, மாமியாராகப் போகிற பார்வதி அத்தை இழை பார்க்க, மாப்பிள்ளை கடைசிக் கோடியில் கயிற்றைப் பிடித்திருந்தார். நான் ஜன்னல் வழியாகப் பத்துத் தடவை எட்டிப் பார்த்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மெர்சி டீச்சர் துணிப்பையிலிருந்து தன் வாளை எடுத்தார். எனக்குச் சப்பென்றாகிவிட்டது. குடைக்கம்பிக்குக் கைப்பிடி வைத்ததுபோல் இருந்தது. வளைத்தால் வளைகிறது, நுனியில் பொத்தான், வெட்ட ஓரமே கிடையாது. நேர்கோட்டில் முன்னால் போய்த் தொட வேண்டும், நேர்கோட்டில் பின்னால் வர வேண்டும். அவ்வளவுதானாம்.

என்னுடையது மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டி நீலக் காகிதம் ஒட்டியது. “ஓரத்த மடிச்சுத் தாரேம்மா, கைய கிழிச்சிரும்” என்று தகரக்காரர் கெஞ்சினார். மடித்தால் வாளுக்குக் களை போய்விடும் என்று மறுத்தவள் நான்.

வீட்டுக்குள் இடமில்லை. வாசலில், பாவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். மெர்சி டீச்சர் ஒரு எட்டு வைத்தார். பொத்தான் என் தோளைத் தொட்டது. மறுபடி ஒரு எட்டு, வயிற்றைத் தொட்டது. கோடியிலிருந்து மாப்பிள்ளை பார்க்கிறாரே! மானம் போகிறதே! என் இளவரசி செய்வதுபோல வாளைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு முழுச் சுற்றுச் சுழன்றேன்.

சர்ரென்று ஒரு சத்தம். கதையில் நூறு தலை; நான் ஒரே வீச்சில் ஐந்நூறு இழை. விறைப்பாக நின்ற பாவு ஒரு பக்கம் அப்படியே தொய்ந்து விழுந்தது.

“எலே முருகேசா, கயித்த விட்றாத!” என்று அண்ணாச்சி அலறினார்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மெர்சி டீச்சர் நாலு எட்டுப் பின்வாங்கிவிட்டார் (நேர்கோட்டில்தான்). கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. ஓடிவிட நினைத்தேன். ஆனால் முந்தானை கஞ்சி ஈரத்தோடு இழைகளில் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் இன்னும் நூறு போகும். நானும் நெசவாளி மகள்தானே, அந்தப் பாவத்தைச் செய்ய மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து, அறுந்த நுனிகளைத் தேடி முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

பொழுது சாயும்வரை முடிச்சு. எதிரே மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அங்கே முடித்தார், இங்கே முடித்தார், என் முந்தானை சிக்கிய பக்கத்துக்கு மட்டும் கடைசியில்தான் வந்தார். என்ன மனுஷன் இவர் என்று பொருமினேன்.

சாயங்காலம் பார்வதி அத்தை அம்மாவிடம் சொன்னாள்: “அறுத்தது அறுத்தா. ஆனா ஓடாம நின்னு முடிச்சுப் போட்டா பாருங்க, அதுக்கே இவ எங்க வீட்டுக்குத்தான்.”

வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள். அந்தப் பாவில் நெய்த சேலைகளை முடிச்சு தட்டுகிறதென்று எந்தக் கடையும் வாங்கவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே பச்சைக் கட்டம். தெருவே அதற்கு ‘வாள்வெட்டுச் சேலை’ என்று பேர் வைத்தது. இன்றும் பேரன் பிறந்தநாள் கேக்குக்கு நான் கத்தியை எடுத்தால், “எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்று ஒரு குரல் வரும்.

அத்தை சாகும்வரை “ஓடாம நின்ன மருமக” என்று ஊரெல்லாம் பெருமை பேசினாள். முந்தானை விஷயத்தை நான் மூச்சுவிடவில்லை. இதை எழுதி முடித்து, நேற்று முதல்முறையாக என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“மாட்டிக்கிட்டது எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. எடுத்துவிட்டா ஓடிருவன்னுதான் அந்தப் பக்கத்த கடைசியில முடிச்சேன்.”