ராமிரோவின் இசைத்தட்டும் என் எண்ணெய்ச் சட்டியும்

மதிப்பிற்குரிய அண்ணன் ஃபாபியோ அவர்களுக்கு,

பர்ரங்கியாவிலிருந்து தங்கை எடில்மா எழுதுவது. இங்கே வெயில் உட்பட யாவரும் நலம். அங்கே அண்ணியையும் பிள்ளைகளையும் உங்கள் முழங்காலையும் கார்மென் மாதா காப்பாளாக.

நிற்க. என் வீட்டுக்காரர் ராமிரோவுக்குப் பரிசாக அனுப்பினீர்களே ஒரு ரெக்கார்டு பிளேயர், அதை உடனே வந்து எடுத்துப் போய்விடுங்கள். வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் அழுத்தி நடக்கக் கூடாது, ஊசி குதிக்கிறதாம். மின்விசிறி ஓடக் கூடாது, இரைச்சல் பாட்டில் கலக்கிறதாம். போன வாரம் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு மறந்துபோனார், மீனெல்லாம் நாறி, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். "போன்லதான் எல்லாப் பாட்டும் இருக்கே"ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். "அது செத்த பாட்டுடி! தட்டுலதான் உசிரு இருக்கு"ன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஓல்மெதோவும் இவருடைய மற்ற கூட்டாளிகளும் தட்டுக் கேட்க வந்தார்கள். வேர்த்து வழிய, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணைத் தொறக்காம சொல்லுங்க, பாடறது தட்டா போனா? தோத்தா ஃபேனைப் போட்டுடணும்" என்று பந்தயம் கட்டினேன். அதே பாட்டைப் போனிலிருந்து அதே ஸ்பீக்கரில் ஓடவிட்டு, சமையலறைக்குப் போய் முட்டை வைத்த சோள அடையான அரேப்பாவை எண்ணெயில் போட்டேன்.

டாக்டர் உருகிப்போனார். "ஆகா, அந்தச் சடசடப்பைக் கேட்டீங்களா? தட்டோட மூச்சுய்யா அது! போனுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது!" ராமிரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சட்டியோடு வந்து நின்றேன். "உங்க மூச்சு வெந்துடுச்சு டாக்டர், சாப்பிட்டுப் பாருங்க."

டாக்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலிக் கால் முறிந்தது. ராமிரோ முகம் சிவக்க எழுந்தார். மின்விசிறியைப் போட்டார், நிஜத் தட்டைப் போட்டார், என் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணா, கல்யாணத்தன்று ஆடியதோடு சரி, அப்புறம் இவர் என்னோடு ஆடியதே இல்லை! தரை அதிர்ந்தது, ஊசி குதித்தது, பாட்டு ஒரே வரியில் சிக்கிச் சுற்றிச் சுற்றி வந்தது; நாங்களும் அந்த வரியையே ஆடித் தீர்த்தோம். அரேப்பா தின்ற கையோடு டாக்டர் தட்டைத் தொடப் போக, ராமிரோ போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

ஆனாலும் இந்தக் கூத்தெல்லாம் எனக்கு ஒத்துவராது. சீக்கிரம் வாருங்கள். அண்ணிக்கு என் முத்தங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்புத் தங்கை,
எடில்மா

பி.கு.: வர வேண்டாம். நேற்று பழைய சாமான் சந்தையில் நானே ஒரு தட்டு வாங்கிவிட்டேன். நாங்கள் ஆடிய அதே பாட்டுதான். ஆனால் ராமிரோவிடம் இருப்பது பிற்பாடு மறுபடி அச்சிட்டது, இது முதல் அச்சு. அவருடையதில் முரசு கொஞ்சம் மந்தம். பாவம், அவர் காதுக்கு அதெல்லாம் எட்டவில்லை.