முதுகெலும்பில் போய் உட்கார்ந்த மருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முதுகைத் தவிர எல்லாரும் சுகம். அந்த முதுகைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நீ நம்பாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

சிறுநீர்ப்பையிலிருந்து புற்றுநோய்க் கட்டியைச் சுரண்டி எடுத்தார்களே, அது திரும்பி வராமலிருக்க வாரந்தோறும் குழாய் வைத்து உள்ளே ஒரு மருந்து விட்டார்கள். குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் போடுகிற அதே தடுப்பு மருந்து, உயிருள்ள கிருமி. அது போய்க் கலாட்டா செய்தால் உடம்பு விழித்துக்கொண்டு புற்றையும் சேர்த்து அடிக்குமாம். வீட்டுக்கு வந்தால், சிறுநீரோடு வெளியே வரும் கிருமி சாகக் கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் ஊற்ற வேண்டும். உன் தம்பி பெண்டாட்டி ஊற்றிய வேகத்தில் தரை டைல்ஸிலிருந்த பூப்படமெல்லாம் அழிந்துவிட்டது. எல்லாம் முடிந்து சில மாதம் கழித்துச் சாயங்காலமானால் காய்ச்சல், கூடவே முதுகுவலி. காலமெல்லாம் பஸ் ஓட்டிய முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று என் பழைய கண்டக்டர் தைலம் கொடுத்தான், தெருமுனை டாக்டர் ஊசி போட்டார். "வேற ஏதாவது வைத்தியம் பாத்துக்கிட்டீங்களா?" என்று அவர் கேட்டபோது இல்லை என்றேன். தடுப்பு மருந்தை யாராவது வைத்தியம் என்பார்களா? வாரம் தவறாமல் போட்டுக்கொண்டவனைக் காசநோய் எட்டிக்கூடப் பார்க்காது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கடைசியில் ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பில் ஓரிடம் அரித்திருக்கிறது. புற்றுதான் பரவிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். பெரிய டாக்டர்தான் நிதானமாகக் கேட்டார்.

"உள்ள மருந்து விட்டத யார்கிட்டயும் சொல்லலையா?"

"தடுப்பு மருந்துதானே சார்."

"ரொம்ப அபூர்வமா அந்தக் கிருமியே ரத்தத்துல ஏறி எலும்புல போய் உட்காந்துடும்."

"டிக்கெட் எடுக்காமலா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் தம்பி பெண்டாட்டி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெறும் காசநோயா இருந்தா போதும் சார்" என்றாள். காசநோய்க்கு இப்படியொரு வரவேற்பை அவர் பார்த்ததே இல்லையாம்.

ஆகவே அக்கா, இது அந்தக் கிருமிதான். சில மாதம் மாத்திரை, அவ்வளவுதான். முழங்கால் வலியோடு நீ ரயிலேறி வர வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் தம்பி

பி.கு.: எலும்பிலிருந்து ஊசியால் துளி எடுத்துச் சோதனைக்குக் கொண்டு போனார்கள், ரிசல்ட் இன்னும் வரவில்லை. கிருமியாக இருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அந்த 'இருக்கலாம்' என்பதை நான்தான் விட்டுவிட்டு எழுதினேன். அடுத்த வாரம் சொல்வார்களாம். இவள் எதிரில் சிரித்துச் சிரித்து எனக்கு வாய் வலிக்கிறது. நீ வந்துவிடு.