பெடல் வரிசை குறித்துக் கொழுந்தனாருக்கு

மரியாதைக்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

இங்கு நலம். தாங்களும் தங்கள் மனைவியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இந்தக் கடிதத்தைத் தாங்கள் படித்து முடித்த பிறகும் அந்த விருப்பம் மாறாது.

பொருள்: ஸ்டீல் கிட்டாரின் பெடல் வரிசை.

பார்வை: தங்கள் மனைவி சென்ற செவ்வாய்க்கிழமை என்னுடன் தொலைபேசியில் பேசியதும், அதற்கு முன்பே மற்ற எல்லோருடனும் பேசி முடித்திருந்ததும்.

முதலில் ஒரு திருத்தம். நான் மேடையில் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லப்பட்டு வருகிறது. நான் விழவில்லை. மண்டபத்து நாற்காலி எனக்குத் தாழ்வாக இருந்ததால், தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்து பாடம் நடத்திய சுழல் நாற்காலியைக் கொண்டு போயிருந்தேன். அதற்கு அடியில் சக்கரம் உண்டு. அன்று காலைதான் யாரோ மேடைக்கு மெழுகு பூசித் துடைத்திருந்தார்கள். இடது காலால் பெடலை அழுத்தினேன். பெடல் கீழே போவதற்குப் பதிலாக நாற்காலி பின்னால் போனது. நான் அதில்தான் இருந்தேன். பின்திரை வரைக்கும் போய் நின்றேன். விழுந்தவர் எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடியே காலால் உந்திக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பி வந்து, பாட்டின் கடைசி நான்கு வரிகளை வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். அது பரிதாபப்பட்டுத் தட்டிய கைதட்டல் என்று தங்கள் மனைவி சொல்கிறாராம். அவர் அன்று மண்டபத்துக்கே வரவில்லை.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று நம் இசைக்குழுச் செயலாளரான பல் டாக்டருக்கும் போகிறது. அவர் முப்பது வருடமாக டிரம் வாசித்தாலும், தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்தவர் அல்ல. ஆகவே தங்களுக்குத் தெரிந்ததையே அவருக்காக இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பெடல் ஸ்டீல் கிட்டார் என்பது நாலு கால் வைத்த மேசை மாதிரி ஒரு வாத்தியம். மேலே தந்திகள். இடது கையில் வழுவழுப்பான இரும்புத் துண்டு, வலது கை விரல்களில் மாட்டிய நகங்கள், வலது காலுக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதி, இடது காலுக்கு மூன்று பெடல்கள். பெடலை மிதித்தால் அடியில் இருக்கும் கம்பி ஏதோ ஒரு தந்தியை இழுக்கும், சுரம் ஏறும். மூன்று பெடல்களுக்கும் ஏ, பி, சி என்று பெயர். இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று அமைப்பவர்கள் உண்டு. சி, பி, ஏ என்று அமைப்பவர்களும் உண்டு. ஏ-யையும் பி-யையும்தான் எப்போதும் சேர்த்து மிதிப்பார்கள். ஆகவே முதல் வரிசைக்காரரின் கால் இடது ஓரத்தில் கிடக்கும். இரண்டாவது வரிசைக்காரரின் கால் வலது ஓரத்தில் கிடக்கும். பி-யை மட்டும் விட வேண்டும் என்றால் முதல் வரிசைக்காரர் கணுக்காலை வெளிப்பக்கம் சாய்ப்பார், மற்றவர் உட்பக்கம் சாய்ப்பார். இவ்வளவுதான் வித்தியாசம். இதற்காக ஒரு குடும்பம் பதினான்கு மாதம் பேசாமல் இருந்திருக்கிறது.

தங்கள் அண்ணன் மருத்துவமனையில் கடைசியாகச் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பெடலை மட்டும் யாரும் மாத்தாம பாத்துக்க" என்றார். தாங்கள்கூட என் பக்கம் திரும்பி, "அண்ணி, கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றீர்கள். கேட்டுக்கொண்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அதற்குப் பதினைந்தாம் நாள், தூசு தட்டித் தருகிறேன் என்று தாங்கள் அந்த வாத்தியத்தை எடுத்துப் போனீர்கள். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தீர்கள். எட்டு மாதம் நான் அதன் மேல் போட்ட துணியை எடுக்கவில்லை. குழுவினர் ஸ்டீல் கிட்டார் இல்லாமலே வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவில் அவர் வாசிக்கும் இடம் வரும்போது மட்டும் எல்லோரும் கொஞ்சம் மெதுவாக வாசித்துவிட்டு மேலே போவார்கள். அதைக் கேட்கச் சகிக்காமல்தான் துணியை எடுத்தேன். எனக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஒத்திகை தவறாமல் நாற்பத்தொரு வருடம் அவருக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கால் போகிற வழியைச் சுருக்கெழுத்தில் குறித்து வைத்தவள் நான். இடது ஓரம் ஒன்று, நடு இரண்டு, வலது ஓரம் மூன்று. நூற்றுப் பன்னிரண்டு பாட்டு, ஆறு குறிப்பேடுகள். முதல் பாட்டை எடுத்தேன். மூன்றும் இரண்டும் சேர்த்து என்று இருந்தது. மிதித்தேன். தங்கள் அண்ணன் வாசித்தால் அந்த இடத்தில் யாரோ விம்முவது போல இருக்கும். எனக்கு, பல் பிடுங்கும்போது வருகிற சத்தம் வந்தது. செயலாளர் மன்னிக்கவும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தாங்கள் ஏ, பி, சி வரிசைக்காரர். வாத்தியம் தங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொன்னேன். மறைவில் பேசுவது என் வழக்கம் அல்ல. தாங்கள் சோற்றைப் பிசைந்தபடி, "நான் துணியால தொடச்சேன் அண்ணி, அவ்வளவுதான்" என்றீர்கள். "துணி கம்பியை மாத்தாது" என்றேன். தாங்கள் தட்டோடு எழுந்து வராந்தாவுக்குப் போனீர்கள். அன்றிலிருந்து நான் தங்களை 'தாங்கள்' என்று மரியாதையாகவே குறிப்பிட்டு வருகிறேன்.

மறுநாளே தையல் மிஷின் மெக்கானிக்கை வரவழைத்து, கம்பிகளை இடம் மாற்றி சி, பி, ஏ என்று மாட்டச் சொன்னேன். அந்த மனிதர் தரையில் மல்லாந்து படுத்து வேலையைச் செய்துவிட்டு, எழுந்து போகாமல் பெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, இடப்பக்கத்து ரெண்டும் தேஞ்சு பள்ளமா கெடக்கு. வலது ஓரத்துல உள்ளது கடையில வச்ச மாதிரி இருக்கு. அப்ப அய்யா இதத்தானே மிதிச்சிருப்பாரு?" என்றார். "உங்கள கம்பி மாட்டத்தான் கூப்பிட்டேன், துப்புத் துலக்க இல்ல" என்றேன். இதைப் பிறகு தாங்கள் ஒரு ஆதாரமாகக் கொண்டுவரக்கூடும் என்பதால் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். தங்கள் அண்ணன் வாசிக்காத நேரத்தில் காலை இடது பக்கமாக ஓய்வாக வைத்துக்கொண்டு யோசிப்பார். அவர் அதிகம் யோசிப்பவர்.

கம்பிகளை மாற்றிய பிறகு குறிப்பேட்டில் உள்ளபடி மிதித்தேன். விம்மல் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பத்து மாதம் பழகினேன். காலைக் குனிந்து பார்க்காமல் பழகினேன். விரலைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர்களை நான் வகுப்பில் வைத்துக்கொண்டதே இல்லை. நான்கு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவர் இடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். இப்போது ஒரு நாற்காலி எட்டடி நகர்ந்தது என்பதற்காக, வரிசை தலைகீழாக இருப்பதால்தான் நான் காலைப் பலமாக ஊன்றுகிறேன் என்று செயலாளர் கண்டுபிடித்து, எனக்குப் பதிலாக வாசிக்கத் தங்களை அழைத்திருக்கிறார். பெடல்களை ஏ, பி, சி என்று மாற்றி வைத்தால்தான் வருவேன் என்று தாங்களும் பதில் சொல்லியிருக்கிறீர்கள். செயலாளர் என் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி, "மேடம், உங்க வரிசையா தம்பி வரிசையான்னு பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்லிடுங்க. நாற்காலி ஒண்ணுதான். இனிமே சக்கரம் இல்லாத நாற்காலி" என்றார்.

என் முடிவு வருமாறு. வரிசை மாறாது. சி, பி, ஏ என்பது தங்கள் அண்ணன் வைத்த வரிசை. அவர் சொல்லை மீற எனக்கு அதிகாரம் இல்லை, தங்களுக்கும் இல்லை. தவிர, பயிற்சி நிலையத்து மாடிப்படியில் ஒரு முறை பிசகிய என் இடது கணுக்கால் வெளிப்பக்கம் சாயவே சாயாது. நாற்காலி என்னுடையது. அந்த ஒரு வாரத்தில் தாங்கள் வரிசையை மாற்றியதை எழுத்தில் ஒப்புக்கொண்டால், அதை நான் மன்னித்துவிட்டதாக இக்கடிதத்தையே அத்தாட்சியாகக் கொள்ளலாம். ஒப்புக்கொள்ளும்போது முழு வாக்கியத்தில் எழுதவும். கான்வென்ட்டில் எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். 'ஆமா', 'சரி' என்று இழுப்பதை அங்கே ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தங்கள் முழங்கால் வலி குறையவும், தங்கள் மனைவியின் தொலைபேசி நீண்ட நாள் பழுதில்லாமல் உழைக்கவும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணி

இணைப்பு: குறிப்பேடு ஒன்று. சாட்சியின் கையெழுத்துடன்.

பின்குறிப்பு: தம்பி, இதைக் கையால் எழுதுகிறேன். இதற்கு நகல் கிடையாது. மேலே தட்டச்சு செய்திருப்பதும் டாக்டருக்குப் போகவில்லை.

சாட்சிக் கையெழுத்து வாங்குவதற்காகக் கீழ்வீட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அவளுக்கு இசை தெரியாது. அதனால் நடுநிலையாக இருப்பாள் என்று நினைத்தேன். அவளை வாத்தியத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, குறிப்பேட்டோடு நான் என் பழைய பிரம்பு நாற்காலியில் எதிரே உட்கார்ந்துகொண்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மூணையும் ரெண்டையும் சேர்த்து மிதி என்றேன். மிதித்தாள். ஒண்ணையும் ரெண்டையும் ஏன் மிதிக்கிறாய் என்று கேட்டேன். மூணும் ரெண்டும்தான் என்றாள். இல்லை என்றேன். மறுபடியும் மிதித்தாள். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவள் காலை எடுத்துவிட்டு, நோயாளிகளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அம்மா, நீங்க அந்தப் பக்கம் இருந்து பாக்கறீங்க. எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இடது கையில ஊசி போடணும்னா நான் என் வலது பக்கமாத்தான் போவேன்."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நாலாயிரம் பேருக்கு இது இடது கை, இது வலது கை என்று சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் நான். நாற்பத்தொரு வருடம் உன் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து, அவருடைய இடது ஓரத்தை என் வலது ஓரமாக எழுதி வைத்திருக்கிறேன். ஆறு குறிப்பேட்டிலும் ஒரு பிழைகூட இல்லை, எல்லாமே பிழை. அவர் ஏ, பி, சி வரிசைக்காரர். நீயும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருப்பாய். யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள் என்று அவர் என்னிடம் சொன்னார். மாற்றிய ஒரே ஆள் நான்தான். நீ துணியால்தான் துடைத்திருக்கிறாய். உன் வீட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், நான் உன் மேல் பொய்ப் பழி சுமத்தினேன். இதை முழு வாக்கியமாகவே எழுதியிருக்கிறேன். உன் மனைவிக்குப் படித்துக் காட்டலாம்.

மேலே எழுதியதில் நாற்காலி விஷயத்தைத் தவிர மற்ற எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. கணுக்கால் வெளிப்பக்கம் சாயாது என்று எழுதியிருக்கிறேன். சாய்த்துப் பார்த்தேன். சாய்கிறது.

மெக்கானிக் வந்து பழையபடி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சிரிக்காமல் இருப்பதற்கு மிகவும் சிரமப்பட்டார். அவர் போன பிறகு அந்த இரண்டு பள்ளத்திலும் என் காலை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. என்ன மிதித்தாலும் எனக்கு இப்போது ஒன்றும் சரியாக வரவில்லை. பதினான்கு மாதம் தலைகீழாகப் பழகிய கால். நேராகப் பழக இன்னும் பதினான்கு மாதமாவது ஆகும். அதுவரை சனிக்கிழமை நீ வந்து வாசி. நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இரவல் தருகிறேன். அப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது, திருப்பிக் கேட்பேன்.

ஒத்திகைக்கு நானும் வருவேன். எதிரே உட்கார மாட்டேன். உன் முதுகுக்குப் பின்னால், இடது தோளுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உன் காலைப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும். குறிப்பேடு வாங்கிவிட்டேன். பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் சிலருக்கு விரல் ஓடாது. உனக்கு எப்படி என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. உனக்குச் சம்மதமா, இல்லையா என்பதைப் பதினைந்தாம் தேதிக்குள் கிடைக்கும்படி எழுத்தில் தெரிவிக்கவும்.