பிரதிநிதி இமைப்பு

பீரங்கிப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்குப் பீரங்கி என்றே பெயர். பெயர் மட்டும்தான் மிச்சம். நாட்பட்ட அசதி நோய் வந்த பிறகு, செருப்பு மாட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். தூங்கி எழுந்தால், இரவெல்லாம் மூட்டை தூக்கியவர் போல எழுவார்.

அது போதாதென்று கண்ணும் காய்ந்துவிட்டது. இமையைத் திறந்தால் ஒரு பிடி மணலைப் போட்டு அரைத்த மாதிரி கரகரக்கும். இப்படியே விட்டால் கருவிழி உராய்ந்து பார்வைக்கே ஆபத்து என்று தனியார் டாக்டர் ஒருவர் எச்சரித்திருந்தார். தேவை, மாதம் ஒரு பாட்டில் சொட்டு மருந்து. கடையில் வாங்க ஓய்வூதியம் இடம் கொடுக்காது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இலவசம். இலவசம் என்பதால் லேசில் கிடைக்காது.

மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

கண் பிரிவு டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "வறட்சிதான். ரொம்ப அருமையான வறட்சி" என்று மெச்சினார்.

"சொட்டு மருந்து எழுதிக் குடுங்க டாக்டர்."

"எடுத்த எடுப்பில மருந்தா? இப்ப உலகமே இயற்கை முறைக்குத் திரும்பிட்டிருக்கு. இமைப்புப் பயிற்சி செய்யுங்க. நல்லா அழுத்தி இமைக்கணும். அதுல கேக்கலைன்னா மருந்தைப் பத்தி யோசிப்போம்."

எதிர் அறை அசதிப் பிரிவு. அங்கிருந்த டாக்டர் பதறிப்போனார்.

"பயிற்சியா! உங்களுக்கு எந்தப் பயிற்சியும் ஆகாது. இமையும் தசைதானே? ஒரு தடவை அழுத்தி இமைச்சீங்கன்னு தெரிஞ்சாலும், அசதி இல்லைன்னு உங்களை வெளியே அனுப்பிடுவோம்."

"அப்ப சும்மா இமைக்கலாமா டாக்டர்?"

"அசட்டையா இமைங்க. ஆர்வம் காட்டக் கூடாது."

விவகாரம் கண்காணிப்பாளரிடம் போயிற்று. மேசைக் கண்ணாடியில் தம் மீசையைச் சரிபார்த்துக்கொண்டே இரண்டு தரப்பையும் கேட்டார். இரண்டு டாக்டர்களும் சொன்னது சரி என்று தீர்ப்பளித்தார். நோயாளி இமைத்தாக வேண்டும்; நோயாளி இமைக்கவும் கூடாது.

"இவரோட ஓய்வூதியத்தை யாரும்மா வந்து வாங்கறாங்க?"

"நான்தாங்க. இவரால வர முடியாதே" என்றாள் மனைவி.

"பிரச்சினை தீர்ந்தது. இவருக்குப் பதிலா கையெழுத்துப் போடறவங்க, இவருக்குப் பதிலா இமைக்கக் கூடாதா?"

பீரங்கிக்குத் தலை சுற்றியது. "சார், இவ இமைச்சா என் கண்ணு எப்படி சார் நனையும்?"

"நீங்க போய்ச் சண்டை போட்டீங்க. வீட்ல இருந்த நாங்க ஜெயிச்சோமா இல்லையா?"

பீரங்கி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அன்றே பீரங்கியின் மனைவி 'அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி இமைப்பாளர்' ஆக நியமனம் பெற்றாள். தினமும் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, நர்ஸ் மேற்பார்வையில் அழுத்தி அழுத்தி இமைத்தாள்.

"என்னங்க, தெரியுதா?"

"நீ கண்ணடிக்கிறது தெரியுது. கல்யாணமான புதுசுல கூட நீ இப்படிப் பண்ணதில்ல."

"வாயை மூடிட்டு நனைய முயற்சி பண்ணுங்க."

இதற்கிடையில் நிர்வாகத்துக்கு ஒரு மனிதாபிமானக் கவலை வந்தது. சுமை தூக்குபவருக்குக் கையுறை தருகிறோம்; இமைப்பாளருக்குக் கண்தானே பணிக்கருவி? அது காய்ந்தால் என்னாவது? உடனே அவளுக்கு ஒரு பாட்டில் சொட்டு மருந்து வழங்கப்பட்டது.

அவள் மறுபேச்சில்லாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கணவரின் தலையை மடியில் சாய்த்து, இரண்டு கண்ணிலும் விட்டாள். பீரங்கி பல மாதங்களுக்குப் பிறகு, வலிக்காமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"இளைச்சுட்ட நீ" என்றார்.

மறு பரிசோதனையில் கண் டாக்டர் துள்ளிக் குதித்தார். "ஈரம்! சொட்டு மருந்தே இல்லாம ஈரம்!" பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கண்ணை மூடியபடி இருந்த மனைவியின் படம் முதல் பக்கத்தில் வந்தது. கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு வந்தது. நோயாளி குணமாகிவிட்டதால் இமைப்பாளர் பணி முடிந்தது, பாட்டிலும் நின்றது.

ஒரே வாரத்தில் மணல் திரும்பிவிட்டது. மறுபடி போய் நின்றால், மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவர் சிரித்தார். "ஐயா, உங்க கண்ணு குணமாயிடுச்சுன்னு பேப்பர்லயே போட்டாச்சு. உங்களுக்கு எரியுதுன்னு நீங்க சொன்னா ஆச்சா?"

கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஜவுளிக்கடை முதலாளி காத்திருந்தார். கையில் பத்திரிகை.

"அக்கா, ராப்பகலா ஃபோனைப் பாத்துப் பாத்து கண்ணு பத்திக்கிட்டு எரியுது. எனக்கும் கொஞ்சம் இமைச்சு விடுங்க. எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

மனைவி, சுவரைப் பிடித்துத் தடவிக்கொண்டு உள்ளே போகும் கணவரைப் பார்த்தாள்.

"பணமெல்லாம் வேண்டாம் தம்பி. மாசம் ஒரு பாட்டில் கண் சொட்டு மருந்து வாங்கிக் குடுத்தாப் போதும்."

மறுநாளிலிருந்து வாசலில் வரிசை. வக்கீல் வந்தார், வாத்தியார் வந்தார், சைக்கிளில் வந்தவர்கள், காரில் வந்தவர்கள். ஆளுக்கொரு பாட்டில். பிறர் கண்ணையே நனைக்கும் அம்மாளுக்குச் சொட்டு மருந்து எதற்கு என்று ஒருவர் கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. எல்லாரும் அவள் எதிரே பயபக்தியோடு உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். கண் பிரிவு டாக்டர். சட்டைப் பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தி இமைங்கம்மா" என்றார்.