பத்து விநாடிப் பாட்டு

"அவன் முதுகுக்குப் பின்னால என்ன வச்சிருக்கான்?" என்று கடைசி வரிசையிலிருந்த பெரியவர் திரையைக் காட்டிக் கேட்டதும் எடிட்டரம்மா திரும்பிப் பார்த்தாள்.

வைத்திருந்தது பூங்கொத்து. அடுத்த காட்சியில் தெரிந்துவிடும். படம் முழுக்க முழுக்கக் காதல் படம். கணவன் வேலை முடிந்து வருகிறான். மனைவி சோபாவில் தூங்கிப்போயிருக்கிறாள். கதவில் சாய்ந்தபடி பத்து விநாடி அவளையே பார்க்கிறான். வசனம் கிடையாது. அந்தப் பத்து விநாடியும் பாட்டுதான் பேச வேண்டும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். எடிட்டரம்மாவும் ஊரெல்லாம் முணுமுணுக்கிற மெல்லிய பாட்டு ஒன்றைப் பொருத்திவிட்டு, தானே ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படத்தைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கப் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்தவர் தயாரிப்பாளரின் மைத்துனர். "சாதாரண ஜனங்க. மனசுல பட்டதைச் சொல்வாங்க," என்றார்.

சொன்னார்கள். இவ்வளவு மெதுவாகப் பாட்டு ஓடினால் அந்த ஆள் ஏதோ திட்டம் போடுகிறான் என்று பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

மறுநாள் துள்ளல் பாட்டு வைத்தாள். அதே முகம், பாட்டு மாறியதும் சிரிப்பை அடக்குவதுபோல இருந்தது, அவளுக்கே ஆச்சரியம். பார்த்தவர்களுக்கு இல்லை. வீட்டுக்கு வரும்போதே இத்தனை குஷி என்றால் வேறெங்கோ போய்விட்டு வருகிறான் என்றார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் அந்த மெல்லிய பாட்டை முனகியபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்தாள்.

"யாரும் சொல்லாம எதுக்குப் பாத்திரம் கழுவறீங்க?"

"அழுக்கா இருந்துச்சு."

பதிலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் உறுத்தியது. சட்டைப் பையைத் துழாவினாள். பஸ் டிக்கெட் கிடைத்தது. எந்த பஸ், எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் என்று கேட்டு முடிப்பதற்குள் மனிதர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் முறை பாட்டையே எடுத்துவிட்டாள். மின்விசிறிச் சத்தம் மட்டும். நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து, "அந்தப் பொண்ணு மூச்சே விடலை. அஞ்சு, அஞ்சரைக்கே உயிர் போயிருக்கணும்," என்றாள்.

டைரக்டருக்கு மனம் விட்டுப்போயிற்று. ஜனங்கள் கொலை என்றால் கொலைதான். மனைவி கண்விழிப்பது, பூங்கொத்து, இருவரும் சிரிக்கிற பிற்பாதி எல்லாம் குப்பைக்குப் போயிற்று. பத்து விநாடிக்கு அடிவயிற்றிலிருந்து உறுமுகிற பாட்டு ஒன்று வந்தது; கேட்டால் கைக்குழந்தைகூடக் கொலைகாரன் இவன்தான் என்று கைகாட்டும். நாலு நாள் எடிட்டரம்மா வீட்டுப் பக்கமே போகாமல் வெட்டி ஒட்டினாள். போனாலும் வீட்டில் ஆளில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது.

"இவன் செஞ்சிருக்க மாட்டான்," என்றார் பெரியவர். "பாட்டு ரொம்பத்தான் இவனைக் காட்டிக் குடுக்குது. யாரோ மாட்டிவிடப் பாக்கறாங்க."

பன்னிரண்டு தலைகளும் மெல்லத் திரும்பி எடிட்டரம்மாவைப் பார்த்தன.

டைரக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் மட்டும் எழுந்து, படியிறங்கிக்கொண்டிருந்த நோட்டுப் புத்தக அம்மாளை ஓடிப்போய் மறித்தாள்.

"என்ன பாட்டு போட்டா அவனை நம்புவீங்க? அதையாவது சொல்லிட்டுப் போங்கம்மா."

அந்த அம்மாள் பரிதாபமாக அவள் தோளைத் தட்டினாள்.

"பாட்டுல என்னம்மா இருக்கு? நாங்க பன்னெண்டு பேரும் முப்பது வருஷம் போலீஸ்ல, குற்றப்பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவங்க."