ஒரு 'நீ'க்கு எத்தனை பன்னி?

இன்னையில இருந்து இந்தப் பிரான்ஸ் தேசத்துல ஒரு ஜீவனுக்கும் நான் 'நீங்க' போட மாட்டேன்!

இந்தச் சபதத்தை நான் எடுத்தது வெர்மெசாக் ஊர் ரொட்டிக்கடை வரிசையில. கையில முழநீள ரொட்டி. முகத்துல முழநீள அவமானம். பின்னாடி ஊரே நிக்குது.

நடந்தது இதுதான். இங்க மரியாதைப்பட்ட ஆளுக்கு 'வூ'. நெருங்கின ஆளுக்கு 'தூ'. வூன்னா நீங்க, தூன்னா நீ. ஊதினா மரியாதை, துப்பினா நட்பு. என்ன ஊருய்யா இது! எங்க இங்கிலாந்துல, லீட்ஸ் ஊர்ல, ராஜாவுக்கும் ஒரே 'யூ', ரோட்ல போற நாய்க்கும் அதே 'யூ'. ராஜாவும் கோவிச்சுக்கிட்டதில்ல, நாயும் தலைகால் புரியாம ஆடினதில்ல.

அன்னைக்குக் கடை வாசல்ல கட்டிக் கிடந்த நாய்கிட்ட குனிஞ்சு, "நீங்க சௌக்கியமா?"ன்னு கேட்டுட்டேன். வரிசை கொல்லுன்னு சிரிச்சுது. அந்தப் பதட்டத்துல நிமிந்து, பக்கத்துல நின்ன ஊர் மேயரைப் பார்த்து, "நீ எப்படி இருக்க?"ன்னுட்டேன். வரிசை சிரிப்பை நிறுத்திருச்சு. அதுதான் பயங்கரம்.

வீட்டுக்கு வந்து சபதத்தை அறிவிச்சேன். என் பொண்டாட்டி ரோவெனா உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே கேட்டா.

"மன்னிப்புக் கேட்டியா டெக்ஸ்?"

"யாருகிட்ட?"

"மேயர்கிட்ட."

"நான் நாய்கிட்டயே கேக்கல!"

"நாய்கிட்ட எதுக்கு? அதுக்குத்தான் கௌரவமா ஒரு 'நீங்க' கிடைச்சிருக்கே. பாவம், அதோட வம்சத்துலயே முதல் தடவை."

"சிரி. நல்லா சிரி. நான் ஒருத்தன் முன்னாடியும் வளைய மாட்டேன். இனிமே மேயர், போஸ்ட்மேன், பாதிரியார், எல்லாருக்கும் நீ, நீ, நீதான்."

"போலீஸுக்கு?"

கொஞ்சம் யோசிச்சேன். "போலீஸ்கிட்ட நான் பேசவே மாட்டேன்."

ரோவெனா கிழங்கைக் கீழ வச்சா. "இந்த வாயோடதான் கொட்டகை கேக்கப் போறியா?"

அங்கதான் விஷயமே இருக்கு.

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு கல்லுக் கொட்டகை. ஓடு நல்ல ஓடு, சுவரு கோட்டைச் சுவரு. அதுல எனக்கு ஒரு பப் வேணும். வியாபாரத்துக்கு இல்ல, எனக்கு! ஒரு டார்ட் போர்டு, ரெண்டு பீப்பா, நம்ம ஊரு பியர். உள்ள வந்தா எவனுக்கும் போன்ழூர்னு வணக்கம் சொல்ல வேண்டாம். இந்த நாட்டுக்குள்ள எனக்குன்னு ஒரு குட்டி இங்கிலாந்து.

ரோவெனாவுக்கு அதே கொட்டகையில வகுப்பு நடத்தணும். புதுசா வந்து எறங்கற எங்க நாட்டுக்காரங்களுக்கு இங்க எப்படிக் குடித்தனம் பண்றதுன்னு சொல்லிக் குடுக்கற வகுப்பு. கடைக்குள்ள நுழைஞ்சதும் போன்ழூர் சொல்லணும், சொல்லாம ரொட்டி கேட்டா ரொட்டி காதுல விழாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் புல்லு வெட்டற மெஷினை எடுத்தா, பக்கத்து வீட்டுக்காரன் நம்மள வெட்டுவான். வருஷா வருஷம் புகைபோக்கியை ஆள் வச்சுக் கூட்டி ரசீது வாங்கணும், இல்லேன்னா வீடே எரிஞ்சாலும் இன்சூரன்ஸ்காரன் குளிர்காஞ்சுட்டுப் போயிருவான். இந்த மாதிரி. நான் மூணு காலேஜ்ல இருந்து தப்பிச்சு ஓடி வந்தவன். என் சொந்தக் கொட்டகையில கரும்பலகையா?

ஆனா ரெண்டு பேருக்கும் ஒரு முட்டுக்கட்டை. கொட்டகைக்குப் போற பாதை பக்கத்து வீட்டு மதாம் பெய்ராவுது. கறுப்புப் பன்னி வளர்க்கிற அம்மா. ரப்பர் பூட்ஸ், ஆம்பளைக் குரல், பார்வையிலயே வேலியடைக்கிற ஆளு. அந்தம்மா சரின்னு சொன்னாத்தான் யாரா இருந்தாலும் அந்தப் பாதையில கால் வைக்க முடியும்.

"பந்தயம்"னேன் நான். "அந்தம்மாகிட்ட யாரு சம்மதம் வாங்கறோமோ, கொட்டகை அவங்களுக்கு."

"பேச்சு மாற மாட்டியே?"

"சிங்கம் பேச்சு மாறாது."

"சரி சிங்கம். கிழங்குத் தோலைக் குப்பையில கொட்டிட்டு வா."

கொட்டிட்டு வந்தேன். சிங்கத்துக்கும் குப்பை உண்டு.

என்கிட்ட ஒரு ரகசியத் திட்டம் இருந்துச்சு. இங்க இருக்கிற எங்க ஆளுங்க வாட்ஸப் குழுவில கிளைவ்னு ஒருத்தன் எழுதியிருந்தான்: 'பிரெஞ்சுக்காரங்க வாயில இருந்து ஒரு தடவை "நீ" வாங்கிட்டா, நீங்க அவங்க குடும்பம். குடும்பத்துக்கு இல்லேன்னு சொல்ல மாட்டாங்க.' ரோவெனா ரெண்டு வருஷமா அந்தம்மாவை நீங்க நீங்கன்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கா. நான் ஒரே துப்புல முடிச்சிருவேன்!

மொத தடவை போனப்போ மணி பன்னண்டேகால். கதவு திறந்துச்சு. அந்தம்மா கழுத்துல துண்டு, கையில முள்கரண்டி. என்னைப் பார்த்தாங்க, கடிகாரத்தைப் பார்த்தாங்க, கதவைச் சாத்திட்டாங்க. புதுசா வர்றவங்களே, நல்லாக் கேட்டுக்கங்க: பன்னண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் இந்த நாடு மெல்லும். அப்ப தீப்பிடிச்சாக்கூடக் கதவைத் தட்டாதீங்க, தானா எரியட்டும்.

சாயங்காலம் மறுபடி போனேன். கை நிறைய சாமந்திப் பூ. மஞ்சள்னா மஞ்சள், அப்படி ஒரு மஞ்சள்.

அந்தம்மா பூவைப் பார்த்துத் தொப்பியைக் கழட்டினாங்க. "யாரு செத்தது?"

"யாரும் சாகல. உனக்குத்தான்."

"எனக்கா? நான் எப்பச் செத்தேன்?"

இங்க சாமந்தி கல்லறைக்கு மட்டும்தானாம். கிளைவ் இதை எழுதல. அவன் சொந்தமா யாருக்கும் பூ வாங்கினதில்ல போல. போகட்டும், நான் பின்வாங்கல. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பாரு பெய்ரா, நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு. நீ என்னை நீன்னு சொல்லு, நானும் உன்னை நீன்னு சொல்றேன்."

அந்தம்மா என்னை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை அளந்தாங்க. அப்புறம் மெதுவா, இந்த ஊரு 'ஐயா'வான 'மிஸ்யூ' போட்டுக் கேட்டாங்க.

"ஏன் மிஸ்யூ, நாம ரெண்டு பேரும் சேர்ந்து பன்னி மேய்ச்சோமா?"

கதவு சாத்திருச்சு.

நான் வாசல்லயே நின்னு யோசிச்சேன். பன்னி மேய்ச்சோமான்னு கேட்டாங்க. மேய்க்கல. அப்ப மேய்ச்சா? அடடா, நிபந்தனை! இவ்வளவு தெளிவா யாரு சொல்லுவா? சந்தேகத்துக்கு ரோவெனாகிட்ட கேட்டேன்.

"ஏண்டி, சேர்ந்து பன்னி மேய்ச்சாத்தான் நீன்னு பேசலாம்னு இங்க ஒரு வழக்கம் இருக்கா?"

ரோவெனாவுக்குத் திடீர்னு இருமல். முதுகைத் திருப்பிக்கிட்டா. தோள் குலுங்குது. தண்ணி குடிச்சா. கண்ணைத் துடைச்சா.

"ஆமா டெக்ஸ். ரொம்பப் பழைய வழக்கம்."

"எவ்வளவு நாள்?"

"கஷ்கொட்டை உதிர்ற காலம் பூரா. காட்டுல மரத்தடியில விட்டு மேய்க்கணும். நடுவுல விட்டுட்டா மறுபடி முதல்ல இருந்து."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் வகுப்பு எடுக்கப் போறவளாச்சே."

"அது பந்தயம் முடிஞ்சாத்தான்! நீ எனக்கு உதவி பண்றியே, தோத்துருவியே?"

"என்ன பண்றது"ன்னு பெருமூச்சு விட்டா. "நீ ஜெயிக்கணும்னு இருந்தா யாரு தடுக்க முடியும்?"

பாவம், எவ்வளவு நல்லவ.

மறுநாள் விடியக்காலம் பன்னிப் பட்டியில போய் நின்னேன். மதாம் பெய்ரா வந்தாங்க. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ரோவெனாவை ஒரு பார்வை பார்த்தாங்க, ரோவெனா ஒரு தலையாட்டு ஆட்டினா. என் கையில ஒரு கம்பு வந்துச்சு.

எங்கப்பா அடிக்கடி சொல்லுவாரு, நீ பன்னி மேய்க்கத்தாண்டா லாயக்குன்னு. தப்பு. அதுக்கும் நான் லாயக்கில்ல. பன்னி மேயாது, ஓடும். ஒண்ணு கிழக்க, ஒண்ணு மேற்க, ஒண்ணு நேரா என் கால் சந்துக்குள்ள. மழை பேஞ்சுது, சேத்துல விழுந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஒரு தாய்ப்பன்னி என் பூட்ஸை ருசி பார்த்துட்டுக் காறித் துப்பிச்சு. அதாவது என்னைத் தூன்னு சொன்ன முதல் பிரெஞ்சு ஜீவன் அதுதான். ரொட்டிக்கடை வரிசையில எனக்கு முன்னாடியும் இடம், பின்னாடியும் இடம். நாத்தம் அப்படி. ஆனா பணிஞ்சேனா? இல்ல! காட்டுக்கு நடுவுல கம்பைத் தூக்கிக் கத்துவேன்: "என் பப்புக்கு நீங்க யாரும் வரக்கூடாதுடா!" பன்னிங்க உர்ருங்கும். எதிர்க்கட்சி.

கஷ்கொட்டை தீர்ந்து, குளிர் கடிக்க ஆரம்பிச்ச ஒரு நாள். பன்னிங்களைப் பட்டியில அடைச்சுட்டுத் திரும்பறேன். மதாம் பெய்ரா வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க.

"டேய் டெக்ஸ்! நீ நாளைக்குச் சீக்கிரம் வந்துரு. பட்டியைக் கழுவணும்."

நீ! நீன்னுட்டாங்க! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கம்பைக் கீழ போட்டு ஓடிப்போய் அந்தம்மா ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தேன். இந்த ஊர்க் கணக்கு ரெண்டு. அடுத்த ஊர்ல மூணு, எதுக்கும் விசாரிச்சுட்டுக் குடுங்க.

"பெய்ரா, நான் இப்ப உன் குடும்பம்தானே?"

"பின்ன?"

"அப்ப எனக்கு அந்தக் கொட்டகைப் பாதை வேணும்."

"கொட்டகையா?" அந்தம்மா நிஜமாவே ஆச்சரியப்பட்டாங்க. "அதைத்தான் நீ மேய்க்க வந்த அன்னைக்கே ரோவெனா மேடத்துக்குக் குடுத்துட்டேனே. அவங்க எவ்வளவு மரியாதையாக் கேட்டாங்க தெரியுமா? 'மதாம், நீங்க ஆள் கிடைக்காம கஷ்டப்படறீங்க. என் வீட்டுல ஒருத்தன் சும்மாதான் இருக்கான். அனுப்பட்டுங்களா?'ன்னு."

"பன்னி மேய்ச்சோமான்னு கேட்டியே! அந்த வழக்கம்?"

"வழக்கமா? அது திட்டுடா. நீ யாருடா என்னை நீன்னு சொல்றதுக்குன்னு அர்த்தம்."

காலுக்கடியில பூமி நழுவுச்சு. சேறுங்கறதால நிஜமாவே நழுவுச்சு.

"எனக்கு இந்த நீ வேண்டாம்! மறுபடி நீங்கன்னு கூப்பிடுங்க! நான் மிஸ்யூ! நாளைக்கு வர மாட்டேன்!"

"நீன்னு சொல்லிட்டு நீங்கன்னா, உறவு முறிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்படியெல்லாம் நான் செய்வேனா? நீ இப்ப வீட்டுப் பிள்ளைடா. வீட்டுப் பிள்ளைகிட்ட யாராவது வர முடியுமான்னு கேப்பாங்களா? பூட்ஸைக் கழுவிட்டுப் போ."

வீட்டுக்குள்ள புயலா நுழைஞ்சேன். "துரோகி!"

"கதவுக்கு வெளியில நின்னு பேசு, நாறுது"ன்னா ரோவெனா.

"ஏமாத்தி ஜெயிச்சிருக்க! செல்லாது!"

"சம்மதம் யாரு வாங்கறோமோன்னுதானே பந்தயம்? எப்படின்னு யாரு சொன்னா? சிங்கம் பேச்சு மாறுமா?"

நான் பேச்சு மாறல. ஆனா தோல்வியை ஒத்துக்கவும் இல்ல. வகுப்பு ஆரம்பிச்ச அன்னைக்கு எதிர்ப்பைக் காட்டணும்னு, கொட்டகைக்கு நேர் எதிர்ல பன்னி மந்தையோட போய், சேத்துல காலை ஊனி, கம்பைத் தூக்கிப் பிடிச்சு நின்னேன். உள்ள புதுசா வந்த எங்க ஆளுங்க பளபளன்னு உக்காந்திருக்காங்க. ஒரு அம்மா கை தூக்கிக் கேட்டது எனக்கே கேட்டுச்சு: "மேடம், இந்த வூ, தூ ரெண்டுலயும் குழப்பமா இருக்கு. எதை யாருக்குச் சொல்றது?"

ரோவெனா ஜன்னலைத் திறந்து கையை நீட்டினா.

"ரொம்பச் சுலபம். அந்தா கம்பு வச்சுக்கிட்டு நிக்குதே, அதுக்குத் தூ. அதைச் சுத்தி நிக்கிறவங்களுக்கெல்லாம் வூ."