தரம் மூன்றில் ஒரு கப்பல் பயணம்

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். என்னுடைய நித்திரை அதற்கும் ஒரு படி மேலே. அதற்கு இடம், நேரம், மானம், மரியாதை ஒன்றுமே தெரியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்கியிருக்கிறேன். கோயிலில் கும்பிட்ட கை கும்பிட்டபடியே தூங்கியிருக்கிறேன் (பக்கத்தில் நின்றவர் என் பக்தியை மெச்சினாராம்). ஆனால் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால், கதிரையில் இருந்து, ஒரு கிழமை முழுக்கத் தூங்கியதை மட்டும் நானாக யாருக்கும் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் சொல்லித் திரிகிறார்கள்.

அப்போது நான் கல்வியியற் கல்லூரி மாணவி. கற்பித்தல் பயிற்சிக்கென்று திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தரம் மூன்றைத் தந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நான் படிப்பிக்க வேண்டும். வெள்ளியன்று எங்கள் விரிவுரையாளர் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். அதில் தவறினால் நியமனம் தள்ளிப்போகும். தம்பலகாமத்தில் வயல் செய்கிற என் அப்பாவோ, மகள் ரீச்சராகிவிட்டாள் என்று உழவு மெசின்காரர் வரைக்கும் சொல்லி முடித்திருந்தார்.

"அந்த வகுப்பு சந்தை மாதிரி, பிள்ளை," என்று அதிபர் முதல் நாளே என்னைப் பாவமாகப் பார்த்தார். "தொண்டைக்கு ஏதும் மருந்து கொண்டு வந்தனீங்களோ?"

நான் சிரித்தேன். என்னிடம்தான் புது முறை ஒன்று இருந்ததே! அந்தக் கிழமைப் பாடம் 'பயணங்கள்'. பிள்ளைகள் கண்ணை மூட வேண்டும். நான் மெல்லிய குரலில் ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும். பிறகு, கண்டதை அவர்கள் வரைந்து எழுத வேண்டும். கல்லூரியில் படித்தது பாதி, நானாகச் சேர்த்துக்கொண்டது மீதி.

திங்கட்கிழமை காலையில் அறிமுகம். விடிய மூன்றரைக்கு எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன், இனித் தினமும் அப்படித்தான் என்று பெருமையாகச் சொன்னேன். இடைவேளை முடிந்ததும் கதிரையில் சாய்ந்து தொடங்கினேன்.

"கண்ணை மூடுங்கோ. இப்ப நாங்கள் எல்லாரும் ஒரு கப்பல்ல ஏறுறம். காத்து வருது. தண்ணி மெல்ல மெல்ல ஆட்டுது..."

காற்று உண்மையாகவே வந்தது. யன்னலுக்கு வெளியே துறைமுகம் வெயிலில் அசையாமல் கிடந்தது. எங்கோ ஒரு வள்ளத்தின் இயந்திரச் சத்தம் கிட்ட வந்து, விலகி, தேய்ந்து போனது. நானும் கண்ணை மூடினேன் (பிள்ளைகளுக்கு முன்மாதிரி வேண்டாமா?). என் கப்பல் புறப்பட்டது. குச்சவெளிப் பக்கமாகப் போனது. கரையோர வீதியில் போன பஸ் அலுத்துப்போய்த் தண்ணீரில் இறங்கிக் கூடவே மிதந்து வந்தது. கடலில் நெல் விளைந்திருந்தது. அப்பா உழவு மெசினை அலைமேல் ஓட்டி வந்து, "சாப்பிட்டியே, மகள்?" என்று கேட்டார்.

கண் திறந்தால், வகுப்பில் ஒரு சத்தமில்லை. முப்பது தலைகளும் குனிந்து வரைந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிடம் கண்ணயர்ந்திருப்பேன் என்று நினைத்தேன் (வகுப்பில் மணிக்கூடு இல்லை, ஆண்டவன் செயல்). என் குரலில் ஏதோ வசியம் இருக்கிறது என்று முடிவு கட்டி, பாடக்குறிப்பில் எழுதினேன்: "மாணவர் ஒழுங்கு மிகச் சிறப்பு. முறை வெற்றி."

செவ்வாயும் வெற்றி. புதனும் வெற்றி. காலையில் சந்தையாக இரைந்த வகுப்பு, என் கப்பல் கிளம்பியதும் அடங்கிவிடும். பக்கத்து வகுப்பு ரீச்சர் அரைச்சுவருக்கு மேலால், "என்ன மருந்து குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். "அது முறை, ரீச்சர்," என்றேன். வியாழக்கிழமை பஸ் நிலையத்தில் என்னோடு படித்த இருவருக்கு அரை மணி நேரம் அந்த முறையை விளக்கினேன். அவர்கள் குறிப்பெடுத்தார்கள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சில விஷயங்கள் கண்ணில் படத்தான் செய்தன. செருப்புகள் எல்லாம் வாசலுக்கு வெளியே நிரையாக இருந்தன. வெயில் என் முகத்தில் விழும் யன்னலில் யாரோ சாக்குக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கைச்சைகையால் அழிறப்பர் கேட்டு, கைச்சைகையால் சண்டையும் பிடித்தார்கள். அபிநயா என்ற ஒல்லிச் சிறுமி என் பக்கத்தில் நின்று கொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். மூளையுள்ள ஒருத்தி இதையெல்லாம் பார்த்து யோசித்திருப்பாள். நான் என் புகழைத்தான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை இடைவேளை முடிந்தும் விரிவுரையாளரைக் காணவில்லை. இனி வரமாட்டார் என்று கப்பலைக் கிளப்பினேன். அதற்குப் பிறகு நடந்தது, மற்றவர்கள் சொல்லி நான் அறிந்தது.

விரிவுரையாளர் சேர் சப்பாத்துச் சத்தத்தோடு உள்ளே வந்தாராம். அபிநயா ஓடிப்போய் வழிமறித்தாள்.

"சத்தம் போடாதேங்கோ, சேர். ரீச்சர் படுத்திருக்கிறா."

"என்னது?"

"மெல்லக் கதையுங்கோ! சப்பாத்தைக் கழட்டுங்கோ!"

கல்லூரியே நடுங்குகிற மனிதர் அவர். குனிந்து கழற்றினார்.

"ரீச்சர் மூண்டரைக்கு எழும்பி வாறவ, பாவம்," என்று அவள் விளக்கினாள். "எங்கட அப்பாவும் கடலால வந்து பகல்லதான் படுக்கிறவர். எழுப்பினா முழு நாளும் தலையிடி. அதால நாங்கள் கதைக்கிறேல்ல."

வகுப்பில் பாதிப் பேரின் தகப்பன்மார் இரவில் கடலுக்குப் போகிறவர்கள். ஒற்றை அறை வீட்டில், தூங்கும் அப்பாவைச் சுற்றிச் சத்தமில்லாமல் சாப்பிட, விளையாட, சண்டை பிடிக்கப் பழகிய பிள்ளைகள். வீட்டில் கத்த ஏலாது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கத்தினார்கள். ஐந்து நாளாக நான் அவர்களை ஆளவில்லை. அவர்கள் என்னைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கண் திறந்தபோது, சேர் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட, சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்துப் பையனுக்கு விரலால் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கரைக்கு வந்திட்டீங்களோ, பிள்ளை?" என்று கிசுகிசுத்தார்.

ஐயோ கடவுளே! துள்ளி எழும்பினேன். கதிரை படாரென்று விழுந்தது. "ஸ்ஸ்ஸ்!" என்று முப்பது பேரும் என்னைப் பார்த்து முறைத்தார்கள்.

அப்பாவின் முகம் வந்து முன்னால் நின்றது. பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்பதும் கல்லூரியில் படித்ததுதான். அதையும் காற்றில் விட்டேன்.

"சேர், ரீச்சருக்கு ஏசாதேங்கோ," என்றாள் அபிநயா. "நாங்கள் எல்லாம் எழுதி முடிச்சிட்டம்."

அவர் முப்பது கொப்பிகளையும் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே முடித்திருந்தார்கள். பிறகு மதிப்பீட்டுத் தாளில் எழுதி என் கையில் தந்தார்: "மாணவர்கள் ஆசிரியையை மிகச் சிறப்பாகப் பராமரிக்கிறார்கள். ஆசிரியை இவர்களிடம் இன்னும் ஒரு வாரம் கற்க வேண்டும்."

தவறிவிட்டேன் என்று வீட்டில் அழுதேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வெளியே போனார். மகளை இன்னொரு கிழமை வரச்சொல்லிப் பள்ளிக்கூடமே கெஞ்சுது என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அந்த இரண்டாவது கிழமை, சேரின் உத்தரவுப்படி எனக்குக் கதிரை கிடையாது. நான் விழித்திருந்ததால் பிள்ளைகளுக்கும் அடங்கியிருக்க ஒரு காரணமும் இல்லை. வெள்ளிக்கிழமை சேர் திரும்பவும் வந்து புள்ளி போட, தொண்டை கட்டி, குரலே இல்லாமல் சித்தியடைந்தேன்.

இப்போது எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளும் தரம் மூன்று. கதை அவள் காதுக்கு எப்படியோ போய்விட்டது. ஞாயிறு மத்தியானம் நான் கொஞ்சம் சாய்ந்தால் போதும், வாசலில் காவல் நிற்கத் தொடங்கிவிடுவாள். போன கிழமை என் மாணவன் ஒருவனின் தாய் என்னைத் தேடி வந்திருக்கிறார்.

"மெல்லக் கதையுங்கோ, அன்ரி. அம்மா உள்ளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறா."

அந்தத் தாய் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனாராம். ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் படிப்பிக்கிற ஒரே ரீச்சர் என்று இப்போது எங்கள் பக்கம் முழுக்க எனக்குப் பெயர்.